கிளட்ச் லீவர் கனமாக இருக்கிறதா? ஹைட்ராலிக் கிட் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என் பைக்கில் இருப்பது சாதாரண கேபிள் கிளட்ச். நெரிசலில் கொஞ்ச நேரம் ஓட்டினாலே இடது கை விரல்கள் மரத்துப் போகின்றன. கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் கிளட்சை இயக்கும் ஹைட்ராலிக் கிட் வாங்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வாங்கினால் லீவர் எவ்வளவு லேசாகும்?

பதில்: பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். எஞ்சின் பக்கத்தில் கிளட்ச் ஆர்மில் மாட்டியிருக்கும் கேபிள் முனையைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஒயரைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் ஓடினால் கேபிள் நன்றாக இருக்கிறது. சொரசொரப்பாக, விட்டு விட்டு நகர்ந்தால் உங்கள் விரல்கள் கேபிளோடுதான் போராடிக்கொண்டிருக்கின்றன. புது கேபிள் போட்டு, கூர்மையாக மடங்காத பாதையில் கொண்டு போனாலே பெரிய மாற்றம் தெரியும். கூடவே கேபிள் இல்லாத அந்த ஆர்மையும் அசைத்துப் பாருங்கள். அதன் தண்டு துருப்பிடித்தோ, பேரிங் தேய்ந்தோ இருந்தால், அதே ஆர்மை இழுக்கும் ஹைட்ராலிக் கிட் மாட்டினாலும் கனம் போகாது.

லீவரில் தெரியும் கனம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று கேபிளின் உராய்வு. இன்னொன்று கிளட்ச் பிளேட்டுகளை இறுக்கிப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகளின் பலம். ஹைட்ராலிக் முதலாவதைப் பெரும்பாலும் ஒழித்துவிடும். இரண்டாவதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. முந்தைய உரிமையாளர் கடினமான ஸ்பிரிங் போட்டிருந்தால் அது அப்படியே இருக்கும்.

‘அப்படியானால் சில கிட்டுகளில் லீவர் பஞ்சு மாதிரி இருக்கிறதே?’ என்று கேட்கலாம். அது விகிதத்தால் வருவது. புஷ் ராடை (பிளேட்டுகளைப் பிரிக்க உள்ளே தள்ளும் கம்பியை) நேராகத் தள்ளும் கிட்டில் ஹேண்டில்பாரில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் 10 மி.மீ., எஞ்சினில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் 25 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் விசை 6.25 மடங்காகும். நகர்வு அதே அளவுக்குக் குறையும்: மாஸ்டர் பிஸ்டன் 12 மி.மீ. நகர்ந்தால் ஸ்லேவ் 1.9 மி.மீ.தான் நகரும். ஸ்லேவை 28 மி.மீ. ஆக்கினால் லீவர் ஐந்தில் ஒரு பங்கு லேசாகும். ஆனால் ஸ்லேவ் நகர்வு சுமார் 1.5 மி.மீ. ஆகிவிடும். பிளேட்டுகள் முழுதாகப் பிரிய 1.7 மி.மீ. தேவை என்றால் இந்த இரண்டாவது கிட் உங்களுக்கு உதவாது. சிக்னலில் நியூட்ரல் விழாது, முதல் கியரில் பைக் முன்னே இழுக்கும், பிளேட்டுகள் உரசித் தேயும். அதனால் கடையில் ‘எவ்வளவு லேசாகும்?’ என்று கேட்பதைவிட, ‘என் மாடலுக்குப் போதுமான நகர்வு கிடைக்குமா?’ என்று கேளுங்கள். இதற்குத் தெளிவான பதில் தராதவரிடம் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

கேபிளும் ஆர்மும் நன்றாக இருந்து, தினமும் நெரிசலிலோ கரடுமுரடான பாதையிலோ ஓட்டுகிறீர்கள் என்றால் தாராளமாக மாற்றுங்கள். லேசாவதைவிடப் பெரிய லாபம், எஞ்சின் சூடானாலும் கிளட்ச் பிடிக்கும் இடம் அவ்வளவாக மாறாது என்பது. கேடிஎம் தன் ஆஃப்ரோடு பைக்குகளில் ஹைட்ராலிக் கிளட்சையே பல வருடங்களாகப் பொருத்தி வருவது சும்மா இல்லை.

கேள்வி: இரண்டு வகைக் கிட்டுகள் இருக்கின்றன. ஒன்று கேபிள் இருந்த இடத்தில் ஆர்மை இழுக்கிறது. மற்றது புஷ் ராடை நேராகத் தள்ளுகிறது. எதை எடுப்பது?

பதில்: பெரும்பாலானவர்களுக்கு இழுக்கும் வகையே போதும். மகுராவின் ஹைமெக் இந்த வகைதான். எஞ்சின் கவரைத் தொட வேண்டாம்; பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிட்டுப் பழைய கேபிளை மாட்டிக்கொள்ளலாம். தள்ளும் வகையில் இடைப்பட்ட பாகங்கள் குறைவு. ஆனால் அந்த மாடலுக்கென்றே செய்த கவர் வேண்டும். ஸ்லேவ் சிலிண்டர் முன் ஸ்ப்ராக்கெட் பக்கத்தில் உட்கார்ந்தால் செயின் எண்ணெயும் சேறும் சீலைத் தின்னும்.

எந்த வகையானாலும் சீல் செட் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கேபிள் அறுந்துபோகும் முன் லீவர் முனையில் இழை இழையாகப் பிரிந்து எச்சரிக்கும். பயணத்தில் உபரி கேபிளும் கொண்டு போகலாம். சீல் போனால் லீவர் தொய்ந்து ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும், வழியில் சரிசெய்வது கஷ்டம். அப்புறம், லீவரில் கிளட்ச் சுவிட்சுக்கும் கண்ணாடிக்கும் இடம் இருக்கிறதா, ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பினாலும் ஹோஸ் இழுபடாத நீளமா என்றும் பாருங்கள். பைக் வாரண்டியில் இருந்தால், இந்த மாற்றத்தால் அது பாதிக்கப்படுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் மீந்த டாட் 4 பிரேக் ஆயிலை இதில் ஊற்றலாமா?

பதில்: கிளட்சின் ஆயில் கிண்ண மூடியில் டாட் 4 என்று போட்டிருந்தாலும் மீந்ததை ஊற்றாதீர்கள். திறந்து வைத்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்திருக்கும். புது டப்பா வாங்குங்கள். மினரல் ஆயில் என்று இருந்தால் பிரேக் ஆயிலை ஒரு சொட்டுகூட விடக்கூடாது. ஒன்றுக்கான ரப்பர் சீல் மற்றதில் உப்பிக் கெட்டுவிடும். ஹைமெக்கில் மினரல் ஆயில்தான்.

கேள்வி: ஹைட்ராலிக் மாற்றிக் கொஞ்ச காலம் ஆகிறது. மேலே இருக்கும் கிண்ணத்தில் ஆயில் குறைவதற்குப் பதில் ஏறியிருக்கிறது. தண்ணீர் புகுந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். உண்மையா?

பதில்: தண்ணீர் புகுந்திருக்க வாய்ப்பு குறைவு. பிரேக்கில் பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும். கிளட்சில் இது நேர் எதிர். பிளேட் அடுக்கு தேய்ந்து மெலியும்போது அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் உள்ளே நகர்ந்து, ஸ்லேவ் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்த ஆயில் மேலே வருகிறது. கேபிளில் ஃப்ரீ ப்ளே (லீவரின் தளர்வு) குறைவதும் இதே காரணத்தால்தான். ஹைட்ராலிக் அதைத் தானே சரிசெய்துகொள்கிறது.

ஆனால் கிண்ணம் விளிம்பு வரை நிரம்ப விடாதீர்கள். மேல் கோட்டைத் தாண்டியதைச் சிரிஞ்சால் எடுத்துவிடுங்கள். லீவருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஆயில் திரும்பும் துளை மூடியே கிடக்கும். சூட்டில் ஆயில் விரியும்போது போக வழியில்லாமல் கிளட்சை லேசாக அழுத்திப் பிடித்து ஸ்லிப் ஆக வைக்கும். ஆயில் கலங்கலாகவோ கருப்பாகவோ இருந்தால் மட்டம் எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். மட்டம் இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும்: அப்போது ஸ்லேவ் சிலிண்டரைச் சுற்றி ஈரம் தெரிகிறதா என்று அன்றைக்கே பாருங்கள்.