கால்நடை மருத்துவம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் லாப்ரடார் நாய்க்கு வயது 6, எடை 36 கிலோ. பின்னங்கால் முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டதாகக் கூறி, எலும்பை அறுத்துத் திருப்பிப் பிளேட் பொருத்தும் டி.பி.எல்.ஓ. அறுவை சிகிச்சை செய்தார்கள். இரண்டு மாதங்களுக்குப் பிறகு இப்போது நன்றாக நடக்கிறது. ஆனால் வேறொரு மருத்துவர் காலைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு, எலும்பு இன்னும் முன்னால் நழுவுவதாகச் சொன்னார். அப்படியென்றால் ஜவ்வைத் தைக்காமலே விட்டுவிட்டார்களா, டாக்டர்?

பதில்: தைக்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் இந்தச் சிகிச்சையில் யாரும் அதைத் தைப்பதில்லை. ஜவ்வு என்று நீங்கள் சொல்வது முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார். நாய்களில் அது பெரும்பாலும் ஒரே தாவலில் அறுந்துவிடுவதில்லை. மாதக்கணக்கில் நைந்து வலுவிழந்த பிறகே கிழிகிறது. அத்தகைய இழைகளைச் சேர்த்துத் தைத்தாலும் அவை உடலின் எடையைத் தாங்கி நிற்பதில்லை.

நாயின் முழங்கால், நிற்கும்போதும் மடங்கிய நிலையிலேயே இருக்கிறது. அதன் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு சமமாக இல்லாமல், பின்பக்கமாகச் சுமார் 24 பாகை அளவுக்குச் சரிந்திருக்கிறது. நாய்க்கு நாய் இது சில பாகைகள் கூடும், குறையும். கால் ஊன்றும்போது தொடை எலும்பு இந்தச் சரிவை அழுத்துவதால், கீழ்க்கால் எலும்பு முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அழுத்தம் எலும்பின் நீளவாட்டில் 100 அலகு இருப்பதாகக் கொண்டால், 24 பாகைச் சரிவில் ஏறத்தாழ 40 அலகு சரிவு வழியே செயல்படும் நழுவு விசையாகிறது. ஒவ்வோர் அடிக்கும் இந்த விசையைத் தடுத்து நிறுத்துவதே அந்தத் தசைநாரின் முதன்மையான வேலை.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த கால்நடை அறுவை மருத்துவர் பார்க்ளே ஸ்லோகம் 1993இல் விவரித்த முறை, தசைநாரை விட்டுவிட்டு இந்தச் சரிவையே மாற்றுகிறது. கீழ்க்கால் எலும்பின் மேல்முனை வில்வடிவில் அறுக்கப்பட்டு, சரிவு சுமார் 5 பாகையாகக் குறையும் வரை சுழற்றப்பட்டு, பிளேட்டும் ஸ்குரூக்களும் கொண்டு நிலைநிறுத்தப்படுகிறது. இப்போது அதே 100 அலகு அழுத்தத்தில் நழுவு விசை ஏறத்தாழ 9 அலகுதான்; அதைத் தொடையின் பின்புறத் தசைகள் சமாளித்துக்கொள்ளும். சரிவை முற்றிலும் நீக்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அளவுக்கு மீறிச் சுழற்றினால் கீழ்க்கால் எலும்பு பின்னோக்கித் தள்ளப்பட்டு, நலமாக இருக்கும் பின் சிலுவைத் தசைநார் பழுதாகக்கூடும்.

ஆகவே, படுத்திருக்கும் நாயின் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்து இழுத்துப் பார்க்கும் சோதனையில், சிகிச்சை வெற்றி பெற்ற காலும் நழுவத்தான் செய்யும். எடை விழாத கால் அது. சரிவைத் திருத்தியதன் பயன் கால் ஊன்றும்போதே வெளிப்படும். இந்த ஒரு சோதனையை வைத்துச் சிகிச்சை தோற்றதாகக் கூறுவது முறையன்று என்பதே என் உறுதியான கருத்து. முழங்காலை அசையாமல் பிடித்து, பாதத்தை மேல்நோக்கி மடக்கும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அப்போது கீழ்க்கால் எலும்பு முன்னால் பாயாமல் இருந்து, எக்ஸ்ரேயில் அறுத்த இடம் கூடியிருந்து, மெலிந்த தொடைத் தசையும் மீண்டும் திரண்டு வந்தால் கவலை வேண்டாம். நன்றாக நடந்துகொண்டிருந்த நாய் திடீரென நொண்டினாலோ, மூட்டில் ‘டக்’ என்ற ஒலி கேட்டாலோ, உட்புறப் பிறைவடிவக் குருத்தெலும்பு கிழிந்திருக்கலாம். அப்போது தாமதிக்காமல் காட்ட வேண்டும். இந்த முறை கீழ்க்கால் உட்புறமாகத் திருகுவதை முழுமையாகத் தடுப்பதில்லை என்பதால், எலும்பு கூடிய பின்னரும் ஓட்டத்தைப் படிப்படியாகவே கூட்டுங்கள். எடையையும் குறைக்க முயலுங்கள். ஒரு காலில் இந்த நோய் கண்ட நாய்களில் ஏறத்தாழ பாதிக்கு மறுகாலிலும் வருகிறது.

கேள்வி: 7 கிலோ எடையுள்ள எங்கள் பொமரேனியனுக்கும் இதே ஜவ்வுக் கிழிசல். நைலான் இழை கட்டினால் போதும் என்கிறார்கள். அது அறுந்துவிடாதா?

பதில்: நாளடைவில் தளரும், அறுவதும் உண்டு. மூட்டுக்கு வெளியே கட்டப்படும் அந்த இழை சில மாதங்கள் தாக்குப்பிடித்தால் போதும். அதற்குள் மூட்டைச் சுற்றி உருவாகும் தடித்த நார்த்திசு அதன் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். எடை குறைந்த நாயில் நழுவு விசையும் குறைவு என்பதால் இது பெரும்பாலும் பலன் தருகிறது. சில சிறிய நாய்கள் ஓய்வினாலும் எடைக் குறைப்பினாலும் மட்டுமே தேறிவிடுகின்றன. ஆனால் பொமரேனியன்களில் முழங்கால் சில்லு இடம் பெயர்வது அடிக்கடி காணப்படும் குறை. அதுவும் சேர்ந்திருந்தால் இழை மட்டும் போதாது, சில்லையும் அதே வேளையில் சரிசெய்ய வேண்டும்.