வாப்பா பெட்டியில் இருந்த பங்குப் பத்திரம்

கேள்வி: வாப்பா சங்கு வியாபாரத்துக்காகக் கல்கத்தா போய்வந்தவர். மௌத்தாகிப் பல வருடமாகிறது. அவர் பெட்டியில் 'இந்தியா டுபாக்கோ கம்பெனி லிமிடெட்' என்று அச்சிட்ட பத்திரம், 20 பங்குக்கு, கிடைத்தது. அந்தக் கம்பெனியே இப்போது இல்லை, பத்தாயிரம் ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கொடுத்துவிடலாமா? புகையிலைப் பணம் என்று உம்மாவும் தயங்குகிறார். — வாசகி, கீழக்கரை

பதில்: கொடுக்காதீர்கள் சகோதரி. எதிலும் கையெழுத்தும் போடாதீர்கள். அந்தக் கம்பெனி மூடப்படவே இல்லை, பெயர்தான் மாறியது. 1910-ல் கல்கத்தாவில் 'இம்பீரியல் டுபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா' என்று தொடங்கியது. 1970-ல் 'இந்தியா டுபாக்கோ' ஆனது, 1974-ல் 'ஐ.டி.சி.' ஆனது. ஆகவே உங்கள் பத்திரம் அந்த நாலைந்து வருடத்தில் அச்சானதாக இருக்க வேண்டும். நீங்கள் வாங்கும் ஆசீர்வாத் ஆட்டாவும் சன்ஃபீஸ்ட் பிஸ்கட்டும் இதே கம்பெனியுடையவைதான்.

இனி கணக்கு. முகமதிப்பு (பத்திரத்தில் அச்சிட்டிருக்கும் ஒரு பங்கின் மதிப்பு) 10 ரூபாய் என்றால், 2005-ல் அது பத்து ஒரு ரூபாய்ப் பங்குகளாகப் பிரிந்தது. கூடவே கையிலிருக்கும் இரண்டு பங்குக்கு ஒன்று போனஸ், அதாவது இலவசப் பங்கு. 2010-ல் ஒன்றுக்கு ஒன்று, 2016-ல் மறுபடி இரண்டுக்கு ஒன்று. இவற்றை மட்டும் சேர்த்தாலே ஒரு பங்கு 45 ஆகிறது, உங்கள் 20 பங்கு 900 ஆகிறது. 2005-க்கு முந்தைய போனஸ்கள் தனி. 2025 ஜனவரியில் ஓட்டல் தொழிலைப் பிரித்தபோது பத்துக்கு ஒன்று வீதம் ஐடிசி ஹோட்டல்ஸ் பங்கும் கொடுத்தார்கள், அதில் 90 வரும். ஐடிசியின் இன்றைய விலையைப் பார்த்து 900-ஆல் பெருக்குங்கள். பத்தாயிரம் எவ்வளவு அநியாயம் என்று தெரிந்துவிடும்.

வாப்பா பங்குகளை முன்பே விற்றிருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் முதலில் பத்திரத்தில் உள்ள ஃபோலியோ எண்ணை (பங்குதாரர் கணக்கு எண்) குறிப்பிட்டுக் கொல்கத்தாவில் உள்ள கம்பெனியின் முதலீட்டாளர் சேவைப் பிரிவுக்கு எழுதுங்கள். ஜெராக்ஸ் மட்டும் போதும், அசல் வீட்டிலேயே இருக்கட்டும். ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் (லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் தொகை) வாங்காத பங்குகள் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். போயிருந்தாலும் வாரிசுகள் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம், அதற்கு அரசுக் கட்டணம் கிடையாது. வாப்பாவின் இறப்புச் சான்று, தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்று, உங்கள் பெயரில் டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு முறையில் வைக்கும் கணக்கு), இவற்றைத் தயார் செய்யுங்கள். மதிப்பு பெரிதென்றால் நீதிமன்றச் சான்றும் கேட்பார்கள்.

உம்மாவின் தயக்கம் நியாயமானது. இன்றும் ஐடிசியின் லாபத்தில் பெரும்பங்கு சிகரெட்டிலிருந்துதான் வருகிறது. பங்குகள் உங்கள் பெயருக்கு வந்ததும் விற்றுவிடலாம். அந்தப் பணத்தை என்ன செய்வது என்று ஆலிம் ஒருவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.