முகம் காட்டாத ஓவியங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு வளவில் ஐயா, அப்பத்தா படங்களும் ரவிவர்மாவின் சாமி படங்களும் நம்மைப் பார்த்தபடியே இருக்கின்றன. ஜெர்மனியிலிருந்து வந்த உறவினர் பரிசளித்த படத்திலோ, மூடுபனிக்கு மேலே பாறையில் நிற்பவர் நமக்கு முதுகைக் காட்டுகிறார். ‘மூஞ்சி தெரியாதவன் படத்தை எதுக்கு மாட்டணும்?’ என்கிறார் ஆச்சி. வரைந்தவர் யார்? ஏன் இப்படி வரைந்தார்?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: ஆச்சியின் கேள்வி நியாயமானதே. வரைந்தவர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக். பால்டிக் கடலோரத்துக் கிரைஃப்ஸ்வால்டில், அந்த ஊர் ஸ்வீடனின் ஆட்சியில் இருந்தபோது, 1774-இல் மெழுகுவர்த்தியும் சோப்பும் காய்ச்சுபவரின் மகனாகப் பிறந்தார். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பயின்று, 1798-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் குடியேறி, 1840-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

உங்கள் படத்தின் மூல ஓவியம் 1818 வாக்கில் வரையப்பட்டது. இப்போது ஹாம்பர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் தெரியும் காட்சியை எந்த மலையிலும் அப்படியே காண முடியாது. எல்பா ஆற்றங்கரை மணற்பாறைக் குன்றுகளில் நடந்து, பாறை பாறையாகப் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தவற்றை, பிறகு ஏறக்குறைய வெறுமையாக வைத்திருந்த தம் அறையில் அமர்ந்து ஒரே காட்சியாகச் சேர்த்தார். கண்முன் இருப்பதோடு தனக்குள் காண்பதையும் ஓவியன் வரைய வேண்டும் என்பது அவர் கொள்கை.

முதுகின் காரணமும் இதிலேயே இருக்கிறது என்பேன். சாமி படத்தின் முன் நாம் நிற்பது தரிசனத்துக்காக. அங்கே இரு பக்கமும் பார்வை வேண்டும். ஃப்ரீட்ரிக்கின் மனிதருக்கு முகம் இருந்திருந்தால், அவர் யார், எந்த ஊர் என்று ஆராய்வதிலேயே நம் கவனம் போயிருக்கும்; முதுகைக் காட்டுவதால், அவர் பார்க்கும் மூடுபனியை அவருக்குப் பின்னால் நின்று நாமும் பார்க்கத் தொடங்குகிறோம்.

அவருடைய ‘கடலோரத் துறவி’ என்ற ஓவியத்தைப் பிரஷ்ய மன்னரே வாங்கியதுண்டு. ஆயினும் பின்னர் மக்களின் ரசனை மாறியது. 1835-இல் பக்கவாதம் தாக்கியபின் எண்ணெய் வண்ணத்தில் வரைவது அரிதாயிற்று. மறக்கப்பட்டிருந்த அவரை 1906-ஆம் ஆண்டின் பெர்லின் கண்காட்சிதான் மீட்டுக் கொடுத்தது.

ஆச்சியிடம் அவருடைய 1822-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றைக் காட்டிப் பாருங்கள். ஒன்றரை அடி உயரம்கூட இல்லாத அதில், ஒரு பெண் ஜன்னலில் சாய்ந்து, வெளியே ஆற்றில் போகும் படகின் பாய்மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் முகம் இல்லை; அவள் ஓவியரின் மனைவி கரோலின்.