மக்காச்சோளத்தில் பச்சைப் பூஞ்சணம்: துடைத்துவிட்டு அரைக்கலாமா?

கேள்வி: அறுவடை நேரத்து மழையில் எங்கள் மக்காச்சோளம் நனைந்துவிட்டது. சில கதிர்களில் பச்சையாகவும் சிலவற்றில் இளஞ்சிவப்பாகவும் பூஞ்சணம். துடைத்துக் காயவைத்து அரைத்துக் களி கிண்டுகிறோம். மிகவும் கெட்டதை மாட்டுக்குப் போடுகிறோம். என் கணவருக்கு ஹெபடைடிஸ் பி உண்டு. எது விஷப் பூஞ்சை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வேகவைத்தால் விஷம் போய்விடாதா?
- வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: போகாது அம்மா. அந்த மாவில் இனிமேல் களி கிண்ட வேண்டாம். பச்சைப் பூஞ்சணம் சுரக்கும் அஃப்லாடாக்சின் சிதைய 230 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். கொதிக்கும் களி 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அந்தச் சூட்டில் பூஞ்சை செத்துவிடும். அது விட்ட நஞ்சு மாவிலேயே தங்கும்.

நிறம் ஓரளவு துப்புக் கொடுக்கும். கதிர் நுனியிலோ படைப்புழு குடைந்த இடத்திலோ மஞ்சள் கலந்த பச்சைப் பொடியாக இருந்து விரலில் ஒட்டினால், பெரும்பாலும் அது அஃப்லாடாக்சின் சுரக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை. வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பஞ்சாக அங்கொரு மணி இங்கொரு மணி பிடித்திருந்து, மணித் தோலில் வெள்ளைக் கீற்றுகள் விரிந்திருந்தால் பெரும்பாலும் ஃபியூசேரியம் வெர்டிசிலியாய்டிஸ் என்ற வேறொரு பூஞ்சை. இதன் நஞ்சு ஃபியூமோனிசின். 1995-ல் தக்காணப் பகுதிக் கிராமங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளமும் சோளமும் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் வந்ததற்கு இதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. நீலப்பச்சைப் பூஞ்சணம் ஈரத்தோடு மூட்டை கட்டியதில் வரும் பெனிசிலியம் என்ற பூஞ்சையாக இருக்கலாம்.

ஆனால் நிறத்தை வைத்து 'இது சாப்பிடலாம்' என்று முடிவு செய்யாதீர்கள். ஃபிளேவஸ் எல்லாமே நஞ்சு சுரப்பதில்லை. பார்வைக்குச் சுத்தமான மணிக்குள்ளும் நஞ்சு இருக்கும். புற ஊதா விளக்கில் தெரியும் பச்சைமஞ்சள் ஒளிர்வைப் பலர் நம்புகிறார்கள். அது பூஞ்சையின் கோஜிக் அமிலத்திலிருந்து வருவது, அஃப்லாடாக்சினின் ஒளி அல்ல. ஆய்வகத்தில் ஏ.எஃப்.பி.ஏ. என்ற, இந்தப் பூஞ்சையை அடையாளம் காண உதவும் வளர்ப்புக் கலவையில் 30 டிகிரியில் 2 நாள் வளர்த்தால் ஃபிளேவஸின் அடிப்புறம் ஆரஞ்சாகும். அதுவும் பூஞ்சை எது என்றுதான் காட்டும், நஞ்சு எவ்வளவு என்று காட்டாது.

ஆகவே நஞ்சையே அளக்க வேண்டும். இங்கே பலரும் செய்யும் தவறு, மேலாக ஒரு கைப்பிடி அள்ளி அனுப்புவது. நஞ்சு ஒரு மூட்டையில் ஒருசில மணிகளில் மட்டும் குவிந்திருக்கும். அந்தக் கைப்பிடியில் அவை சிக்காமல் போகலாம். ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என எடுத்து மொத்தம் 5 கிலோ சேருங்கள். முழுவதையும் அரைத்து, நன்றாகக் கலந்து, அதில் அரை கிலோவைக் காகிதப் பையில் அனுப்புங்கள். பிளாஸ்டிக் பையில் வேர்த்துப் பூஞ்சை மேலும் வளரும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடம் உங்களுக்குப் பக்கம். உணவுத் தானியத்தில் அஃப்லாடாக்சினுக்கு இந்திய வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்.

கெட்டதை மாட்டுக்கும் போடாதீர்கள். மாடு தின்ற அஃப்லாடாக்சின் பி1 என்ற வகை, அதன் உடலில் எம்1 என்ற வகையாக மாறிப் பாலில் வரும். அந்தக் கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களில் பாலில் நஞ்சு நீங்கிவிடும். கெட்ட கதிர்களை முகத்தில் துணி கட்டிக்கொண்டு குழி தோண்டிப் புதையுங்கள்.

எனக்குப் பெரிய கவலை உங்கள் கணவரைப் பற்றித்தான். அஃப்லாடாக்சின் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு அதே அளவு நஞ்சின் ஆபத்து, அந்தத் தொற்று இல்லாதவரைவிடச் சுமார் 30 மடங்கு என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் அமைத்த நிபுணர் குழு கணக்கிட்டது. கல்லீரல் மருத்துவரிடம் இந்த மாவு விஷயத்தைச் சொல்லி, ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்துகொள்ளட்டும். பரிசோதனை சரியாக இருந்தாலும், 'நஞ்சு உடம்பில் சேரவில்லை' என்று அர்த்தமில்லை. வீட்டில் மற்றவர்களும் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்து, தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

1974-ல் ராஜஸ்தானின் பான்ஸ்வாராவிலும் குஜராத்தின் பஞ்ச்மகாலிலும் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர் கோத்தலும்தான் அங்கே கண்ட அறிகுறிகள். அந்த வீட்டு நாய்களும் செத்தன. உங்கள் வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளித்தாலோ, வயிறு உப்பினாலோ, கால் வீங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மாவையும் கொஞ்சம் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.