தொப்பியில் 'எலாஸ்': எழுத்துப்பிழை இல்லை

தாத்தா காலத்துப் படத்தில், தொப்பிச் சின்னத்தில் கிரேக்க நாட்டின் பெயரையே ஒரு எழுத்து விட்டு எழுதியிருக்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். அது நாட்டின் பெயர் இல்லைங்க. எலினிகோஸ் லாயிகோஸ் அபெலெஃப்தெரோதிகோஸ் ஸ்த்ராதோஸ், அதாவது கிரேக்க மக்கள் விடுதலைப் படை என்பதன் முதலெழுத்துகள். நாட்டின் பெயரான 'எல்லாஸ்' என்பதில் லாம்தா (கிரேக்க 'ல' எழுத்து) இரண்டு, இதில் ஒன்று. கிரேக்கர் வாயில் இரண்டும் ஒரே ஒலிதான். கேட்டதும் தாய்நாடு நினைவுக்கு வரும், கெட்டிக்காரத்தனமான பெயர்!

இரண்டாம் உலகப்போரில் கிரேக்கத்தை ஆக்கிரமித்த ஜெர்மனி, இத்தாலி முதலிய நாடுகளை எதிர்த்து, 1941 செப்டம்பரில் கம்யூனிஸ்டுகள் முன்னின்று தொடங்கிய தேசிய விடுதலை முன்னணியின் (எயாம்) ஆயுதப் பிரிவு இது. 1942 நவம்பரில் கோர்கோபோட்டமோஸ் ரயில் பாலத்தைத் தகர்த்ததில், கம்யூனிஸ்ட் சார்பற்ற போட்டி எதிர்ப்பு அமைப்பான எடெஸுடனும் பிரிட்டிஷாருடனும் சேர்ந்து இவர்களும் இருந்தார்கள்.

அப்புறம், இணையத்தில் தேடினால் இன்றைய கிரேக்கக் காவல்துறையும் வந்து நிற்கும். அதன் சுருக்கமும் இதே எழுத்துகள்தான், நடுவில் புள்ளியோடு.