எதிர்ப்புச் சக்தியை ஏற்றினால் ஈரல் புற்றுநோய் அடங்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது பல ஆண்டுகளாகத் தெரியும். தொந்தரவு இல்லாததால் விட்டுவிட்டோம். இப்போது கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி இருக்கிறது. அறுவை சிகிச்சை முடியாது, இம்யூனோதெரபி கொடுக்கலாம் என்று வேலூரில் சொல்லியிருக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தான் இந்த நோய் வந்தது என்று சொல்லி, பெரியப்பா தினமும் சீந்தில் கஷாயம் கொடுக்கிறார். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: கஷாயத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். இதுவரை கொடுத்ததையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு எதிர்ப்புச் செல்களே கல்லீரலைத் தாக்கும் வகை அழற்சி வந்திருப்பதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

பெரியப்பாவின் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதிர்ப்புச் சக்தி என்பது தொட்டித் தண்ணீர்போல மட்டம் ஏறி இறங்கும் ஒன்று என்ற நினைப்பு, கொரோனா காலத்துப் பொடி வியாபாரிகள் விட்டுப்போனது.

கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து வருகிறது. அதில் உணவுத் துகள்களும் கிருமிகளின் துணுக்குகளும் கலந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டால் ஈரலே புண்ணாகிவிடும். அதனால் அங்குள்ள குப்ஃபர் செல்கள் போன்ற எதிர்ப்புச் செல்கள் இயல்பாகவே பொறுத்துப்போகும் குணம் கொண்டவை. ஹெபடைடிஸ் பி கிருமி பல்லாண்டு தங்கிவிட இந்தக் குணமும் ஒரு காரணம். முழுதாக ஒழிக்கவும் முடியாமல், முழுதாக விட்டுவிடவும் முடியாமல், டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் கிருமி புகுந்த ஈரல் செல்களைக் கொன்றுகொண்டே இருக்கும். செத்த இடத்தில் புதுச் செல்கள் பிறக்கும், தழும்பு ஏறும். இப்படி ஈரல் செல்கள் திரும்பத் திரும்பப் பிரியும்போது மரபணுவில் பிழைகள் சேரும். ஆக, கட்டிக்கு வழிவிட்டதில் எதிர்ப்புச் செல்களுக்கும் பங்கு உண்டு.

கட்டி வளர்ந்த பிறகு நிலைமை இன்னும் விபரீதம். அங்கே வரும் மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்புச் செல்களில் பல, கட்டிக்குப் புது இரத்தக் குழாய்கள் முளைக்க உதவத் தொடங்கிவிடுகின்றன. கட்டுப்படுத்தும் டி செல்கள் மற்றவற்றை அடக்குகின்றன. புற்றுச் செல்லைக் கொல்லவேண்டிய டி செல்கள் கட்டிக்குள் இருந்தும், அவற்றின் மேலுள்ள பி.டி.-1 என்ற புரதத்தின் வழியாக முடக்கப்பட்டுக் களைத்துக் கிடக்கின்றன. எண்ணிக்கையை மட்டும் கூட்டி என்ன பயன்?

அந்த முடக்கத்தை நீக்குவதுதான் இம்யூனோதெரபி. 2020 முதல் அடெசோலிசுமேப், பெவசிசுமேப் ஆகிய இரண்டையும் சேர்த்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் முறை பரவலாகியிருக்கிறது. முன்னது முடக்கத்தை விலக்குகிறது. பின்னது புது இரத்தக் குழாய்களைத் தடுக்கிறது. ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்குகிறது. எல்லாருக்கும் கேட்காது என்பதையும் செலவு அதிகம் என்பதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

பெவசிசுமேப் இரத்தக் கசிவை உண்டாக்கலாம் என்பதால், உணவுக்குழாயில் புடைத்த இரத்தக் குழாய்கள் இருக்கின்றனவா என்று முதலில் எண்டோஸ்கோபி செய்வார்கள். வேண்டாம் என்று தட்டிக்கழிக்காதீர்கள். ஹெபடைடிஸ் பி கிருமிக்கு மருத்துவர் தரும் மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. ஊசி தொடங்கிய பின் வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு, மஞ்சள் காமாலை, இரத்த வாந்தி, கறுப்பு மலம் எது வந்தாலும் குடியாத்தத்தில் மருந்துக்கடை மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல், சிகிச்சை தரும் மருத்துவமனைக்கே போய்விடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: அம்மா, நீங்கள், உடன்பிறந்தவர்கள், அப்பாவின் உடன்பிறந்தவர்கள் எல்லாரும் ஹெபடைடிஸ் பி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெரியப்பாவையும் கூட்டிப் போங்கள். கிருமியும் இல்லை, பாதுகாப்பும் இல்லை என்றால் தடுப்பூசி மூன்று தவணை. கிருமி இருந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் ஈரல் மருத்துவரைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் யாருக்குத் தேவை என்று அவர் சொல்வார்.