தோழி வேறு தோழியைத் தேடிக்கொண்டால்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. இணைபிரியாமல் இருந்த அவளுடைய தோழி, வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண்ணோடு ஒட்டிக்கொண்டு இவளைக் கண்டுகொள்வதே இல்லை. "இயேசுதான் உண்மையான சிநேகிதர், மற்றவர்களை விட்டுத்தள்ளு" என்றேன். இன்னும் அதிகமாக அழுகிறாள். நிலைத்த நட்பை வேதத்திலிருந்து எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: சகோதரி, முதல் பாதி சரி. "விட்டுத்தள்ளு" என்பதை மட்டும் இயேசு சொல்லவில்லை. சிநேகிதனாகிய லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் அவரே கண்ணீர் விட்டார். ஆகவே மகள் அழட்டும்.

அழுது ஓய்ந்தபின் தாவீது, யோனத்தான் கதையைச் சொல்லுங்கள். ஞாயிறு பள்ளியில் நாங்கள் பெரும்பாலும் யோனத்தான் தாவீதுக்குக் கொடுத்த சால்வையோடும், அம்பு எய்து அவனை எச்சரித்ததோடும் நிறுத்திவிடுகிறோம்; நேரம் முடிந்து மணி அடித்துவிடும்! நீங்கள் நிறுத்தாதீர்கள். அரியணை, சவுல் ராஜாவின் மகனான யோனத்தானுக்கு வரவேண்டியது. பெண்கள் தாவீதைப் புகழ்ந்து பாடியதும் சவுலுக்குப் பொறாமை பற்றிக்கொண்டது. தாவீதிடம் பட்டத்தையே இழக்கப்போகிற மகனுக்கோ பொறாமை இல்லை. ஏன் என்று மகளிடம் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். புதிதாக வந்த பெண்ணைப் பற்றி நீங்கள் வாயே திறக்க வேண்டாம், அவளே யோசிப்பாள்.

பிறகு 2 சாமுவேல் 9. யோனத்தான் கில்போவா மலையில் மடிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அவன் வீட்டாருக்குத் தயவு காட்டுவதாகத் தாவீது கொடுத்த வாக்கை நினைவூட்ட அவன் இல்லை. ஆனாலும் அவன் நிமித்தம் தயவு காட்ட சவுலின் வீட்டில் யாராவது மீதி இருக்கிறார்களா என்று தாவீது ராஜா விசாரிக்கிறார். தகப்பன் இறந்தபோது ஐந்து வயதாயிருந்த யோனத்தானின் மகன் மேவிபோசேத்துக்கு, அழைப்பு வரும்போது ஒரு சிறு மகனே இருந்தான். அத்தனை காலத்துக்குப் பிறகும் வாக்கு நின்றது. உங்கள் மகளும் வாக்குக் காக்கலாம்: தோழி நம்பிச் சொன்ன இரகசியங்களை, கோபத்திலும் எவரிடமும் சொல்லாதிருக்கட்டும். ஒன்பது வயதுக்கு இது பெரிய காரியம்.

தோழி திரும்பி வருவாள் என்று மட்டும் உறுதி கொடுக்காதீர்கள். சேர்ந்து ஊழியப் பயணம் செய்த பவுலும் பர்னபாவும், உடன் ஊழியனான மாற்குவின் காரணமாகக் கடுமையாகப் பிரிந்தார்கள். அதே மாற்குவைத்தான் பின்னாளில், தனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று சொல்லி, அழைத்துவரும்படி தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதினார். ஆனால் பவுலும் பர்னபாவும் மறுபடி ஒன்றாகப் பயணம் செய்ததாக எங்கும் எழுதப்படவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பெண்கள் இவளைக் கேலி செய்தோ மிரட்டியோ வந்தால் அது வேறு விஷயம். உடனே ஆசிரியரிடம் பேசுங்கள்.

இரவு ஜெபத்தில் தோழியின் பெயரைச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். புதியவளின் பெயர் வர இன்னும் நாளாகும்.